அம்மாவின் மங்கில் ஒற்றைக் கொட்டை

அன்றைக்கு ஒரே பிற்பகலில் அம்மா வீட்டுக் காப்பித்தூள் டின் காலியாகிவிட்டது. மாதக் கடைசி வரை வரவேண்டிய தூள் அது. வந்த கூட்டம் அப்படி. ஒருத்தி குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தால், அடுத்தவள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பாள். நான் அடுப்படியில் தண்ணீர் கொதிக்க வைத்தபடியே நின்றேன்.

வந்தவர்கள் எல்லோரும் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பெண்கள். குளித்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, ஏதோ துக்க வீட்டுக்கு வருவதுபோல வந்தார்கள். ஒருத்தி நாலு முருங்கைக்காய் கொண்டுவந்தாள். இன்னொருத்தி பிளாஸ்டிக் பையில் கருவாடு. உட்கார்ந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, எல்லோரும் ஒரே செய்தியைத்தான் சொன்னார்கள்.

"மத்தவளுங்களப் பத்தி எனக்குத் தெரியாது ஆயாம்மா. நான் ஒங்களுக்குத்தான் போட்டேன்."

"அப்படியா? சரி, காப்பியக் குடி, ஆறிடும்" என்பாள் அம்மா.

அன்று காலையில்தான் ஓட்டு நடந்து முடிந்திருந்தது. அம்மாவுக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. அந்த ஒன்றுக்கு அத்தனை பேரும் சொந்தம் கொண்டாடினார்கள்.

இப்போது நினைத்தாலும் எனக்கு முகம் சுடுகிறது. அந்தப் பெண்களுக்காக வெட்கப்படுவதா, அம்மாவுக்காகவா, எனக்காகவா என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.

சென்ற வாரம் தோட்டத்துத் துரைமார்களின் அதிகாரத்தைப் பற்றி எழுதியிருந்தேன். படித்த வாசகி ஒருவர், "உங்கள் தோட்டத்தில் ஜனநாயகம் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லையா?" என்று கேட்டிருக்கிறார். பார்த்தது. எண்பதுகளின் நடுவில் ஒரு காலை வேளையில், ஆயாக் கொட்டகைக்குள் வந்து எட்டிப் பார்த்தது. அதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டீர்கள்.

அம்மாவின் ராஜ்யம்

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பால்வெட்டப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்தான் ஆயாக் கொட்டகை. பலகைச் சுவர், தகரக் கூரை, உத்திரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். உள்ளே நுழைந்தால் ஈரத் துணியும் கஞ்சியும் வேப்பெண்ணெயும் கலந்த ஒரு வாடை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு ஆயா என்று பெயர்.

எங்கள் தோட்டம் கோலசிலாங்கூருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் நடுவில், ஆற்றை ஒட்டி இருந்தது. அங்கே ஆயா, என் அம்மா அஞ்சலை. அப்பா இறந்தபோது அந்தக் காலத்துப் பெரிய துரை கொடுத்த வேலை. வேலையோடு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டையும் கொடுத்தார்.

கொட்டகைக்குள் அம்மா வைத்ததுதான் சட்டம். அழுகிற பிள்ளையை உடனே தூக்கக் கூடாது. பால் கொடுக்கத் தாய்மார்கள் இடைவேளையில் ஒரு தடவைதான் வரலாம், மற்ற நேரத்தில் வாசலில் தலை தெரியக் கூடாது. பிஸ்கட், மிட்டாய் எதுவும் உள்ளே வரக் கூடாது. அம்மா கையில் எப்போதும் ஒரு பிரம்பு இருக்கும். பிள்ளைகளை அதனால் அடித்ததை நான் பார்த்ததில்லை. தாய்மார்கள்தான் அதைப் பார்த்துப் பயந்தார்கள். துரையே கொட்டகைக்குள் வரும்போது பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வருவார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு முன்னால் இருந்த ஆயா தோட்டம் கொடுக்கும் பால்மாவைக் கடைக்கு விற்றுக்கொண்டிருந்தாள். அம்மா காலத்தில் ஒரு கரண்டி வெளியே போகவில்லை. ஒரு பிள்ளை தலையிலும் பேன் கிடையாது, சிரங்கு கிடையாது. தொட்டில் சேலைகள் தினமும் வெந்நீரில் அலசி வெயிலில் காயும்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி, அதே தோட்டத்தில் இரண்டு வரிசை தள்ளிக் குடியிருந்தேன். என் மகளும் அந்தத் தொட்டிலில்தான் கிடந்தாள். சட்டம் எனக்கும் அதேதான். மகள் என்று ஒரு நிமிடம் கூடக் கொடுத்தது கிடையாது.

வெள்ளம் வந்த காலை

ஒரு வருஷக் கடைசியில் நாலைந்து நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாவது நாளோ என்னவோ, வானம் வெளுத்தது என்று எல்லோரும் பால்வெட்ட ரப்பர் காட்டுக்குப் போய்விட்டோம். பத்து மணி வாக்கில் ஆற்றுப் பக்கத்து மண்மேடு உடைந்து தண்ணீர் லயத்துக்குள் வந்துவிட்டது.

கொட்டகை இருந்தது பள்ளத்தில். அம்மா வாசலில் வந்து பார்த்திருக்கிறாள். டிராக்டர் ஓட்டுகிற முனியாண்டி அண்ணன் அந்த வழியாக வந்திருக்கிறார். நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் அந்தப் பக்கமே இல்லை.

"மண்டோரு சொல்லாம நான் வண்டியக் குடுக்க முடியாது ஆயாம்மா. அப்புறம் எனக்குத்தான் கெட்ட பேரு."

"மண்டோரு வர்றதுக்குள்ள புள்ளைங்க மெதந்துடும். எடுடா வண்டிய!"

பிரம்பு ஓங்கியதைப் பார்த்ததும் வண்டி தானாகத் திரும்பியது என்று முனியாண்டி அண்ணன் பின்னாளில் சொல்லிச் சிரிப்பார். தொட்டில் சேலைகளை அவிழ்த்து, அதிலேயே பிள்ளைகளைச் சுற்றி, பால் ஏற்றுகிற டிரெய்லரில் அடுக்கி, மேட்டில் இருந்த, ரப்பர் உலர்த்தும் புகைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டாள்.

நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் ஓடிவந்து பார்த்தபோது உத்திரத்தில் கயிறுகள் மட்டும் தொங்கின. நான் போட்ட கூச்சல் எனக்கே கேட்கவில்லை. பிறகு யாரோ கையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்துப் போனார்கள். பிள்ளைகள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தன. அம்மா எங்களைப் பார்த்து, "ஈரக் கையோட புள்ளையத் தொடாதீங்கடி" என்று சத்தம் போட்டாள்.

அன்றைக்கு ஒரு கூட்டம் போட்டு, ஆளுக்கொரு யோசனை சொல்லி, பெரும்பான்மை என்ன நினைக்கிறது என்று பார்த்திருந்தால் என் மகள் இன்றைக்கு இல்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை.

சரோஜாவின் பையன்

வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் இது நடந்தது. சரோஜா என்று ஒருத்தி, கல்யாணமாகி ராசா என்ற ஊரிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வந்தவள். அதிகம் பேச மாட்டாள். அவள் பையன் குமரனுக்கு ஒரு வயது தாண்டியிருக்கும். அந்தப் பிள்ளை கொட்டகையில் விடாமல் அழ ஆரம்பித்தது. தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு அழும்.

இடைவேளைக்கு வந்த சரோஜா பயந்து பயந்து கேட்டாள். நானும் பக்கத்தில்தான் என் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஆயாம்மா, புள்ளைக்கு எங்கயோ வலிக்குது போல. டிரசர்கிட்ட ஒரு எட்டு தூக்கிட்டுப் போய்க் காட்டிட்டு வரவா?"

"எத்தன புள்ள வளத்திருக்கேன் நான்? நீ எத்தன வளத்த? தூக்கித் தூக்கி வச்சிப் பழக்கிட்ட. பிடிவாதம் அது. ரெண்டு நாள் விட்டா அடங்கிடும்."

சரோஜா பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டுக் காட்டுக்குத் திரும்பினாள். வீட்டுக்கு எடுத்துப் போன பிறகு டிரசர் மருந்து கொடுக்கும் தோட்டத்துக் கொட்டகை பூட்டியிருக்கும். அடுத்த நாள் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்குக்கு, வராமல் போனால் சம்பளம் போகும். அழுகை நாலைந்து நாள் போயிற்று.

அம்மாவிடம் பேசக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு சாயங்காலம் பேசியும் பார்த்தேன். "ஒன் புள்ள நல்லாத்தான இருக்கு? வேலயப் பாரு" என்றாள். நானும் வேலையைத்தான் பார்த்தேன்.

அம்மா சொன்னபடியே அழுகை அடங்கியது. தலையணையில் சீழ் இருந்தது. டிரசர் பார்த்துவிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே, ஒரு காது இனிமேல் கேட்காது என்று சொல்லிவிட்டார்கள்.

சரோஜா யாரிடமும் புகார் சொல்லவில்லை. திரும்பவும் பிள்ளையைக் கொண்டுவந்து அம்மாவின் தொட்டிலில்தான் போட்டாள். வேறு எங்கே போடுவாள்? அம்மாவும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பு என்று ஒத்துக்கொண்டால் அடுத்த நாள் கொட்டகையை எப்படி நடத்துவது என்று நினைத்தாளோ என்னவோ. வெள்ளத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றியதும் அதே வாய், அதே பிரம்பு. யாரும் எதிர்த்துப் பேச முடியாத ஒருத்தி சரியாகச் செய்தால் எல்லோரும் பிழைத்தோம். தவறாகச் செய்தபோது அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

கை தூக்குங்கள்

டிரசர் மூலம் விஷயம் புதிய துரை காதுக்குப் போயிற்று. அவர் இளம் வயது மலாய்க்காரர், பல்கலைக்கழகத்தில் படித்தவர். எங்களோடு உட்கார்ந்து தேநீர் குடிப்பார். அதுவே எங்களுக்குப் புதுசு. அம்மாவை நேரே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், எச்சரித்திருக்கலாம், நீக்கியும் இருக்கலாம். தன் கையில் அழுக்குப் படாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தார். உங்கள் பிள்ளைகள், உங்கள் ஆயா, நீங்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள் என்றார். ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி ஐயா அதைத் தமிழில் சொன்னார்.

எதிர்த்து நிற்க ஒரு ஆள் வேண்டுமே. களைக்கொல்லி மருந்தடிக்கிற பெண்களில் பேபி அக்கா என்று ஒருவர். எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார். மருந்து வாடை ஒத்துக்கொள்ளாமல் இருமிக்கொண்டிருந்தார். அவரை நிறுத்தினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகை வாசலில் கூடினோம். தாய்மார்களுக்கு மட்டும் ஓட்டு. அம்மா ஒரு நாற்காலியில், மடியில் பிரம்போடு. பக்கத்து நாற்காலியில் பேபி அக்கா, புதுச் சேலையில்.

"அஞ்சலை ஆயா வேணுங்கிறவங்க கை தூக்குங்க" என்றார் கிராணி.

எல்லாக் கையும் மேலே போயிற்று. அம்மா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரால் கையைக் கீழே வைத்திருக்க முடியும்?

"சரி, பேபி வேணுங்கிறவங்க?"

மறுபடியும் எல்லாக் கையும் மேலே போயிற்று. பேபி அக்காவும் எதிரேதானே உட்கார்ந்திருக்கிறார், பாவம், மனசு நோகுமில்லையா? கிராணி எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். இருந்த ஆளைப்போல இரண்டு மடங்கு ஓட்டு. துரை மூன்று தடவை கை தூக்கச் சொன்னார். மூன்று தடவையும் இரண்டு பேரும் ஜெயித்தார்கள்.

"இவங்க ஆள மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ல மாட்டாங்க துவான். மறச்சிப் போடற மாதிரி வைக்கணும்" என்றார் கிராணி.

பொதுத் தேர்தலில் லோரி ஏறிப் போய்ப் பெட்டியில் போட்டுப் பழகியவர்கள்தான் நாங்கள். ஆனால் அங்கே நிற்கிறவன் யாரோ. ஜெயித்தாலும் தோற்றாலும் அவன் வீட்டுத் தண்ணீர்க் குழாயில் நாம் நாளைக்குக் குடத்தோடு போய் நிற்கப் போவதில்லை. இங்கே அப்படியா?

கிராணி இரண்டு மங்கு எடுத்துவரச் சொன்னார். மங்கு என்றால் மரத்தில் பால் வடிகிற மண் கோப்பை. கொட்டகைக்குள் ஒரு தொட்டில் சேலையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் மேசையில் இரண்டையும் வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பாதிப் பேர். அதனால் அம்மாவின் மங்குக்குப் பக்கத்தில் அவள் பிரம்பையும் பேபி அக்காவின் மங்குக்குப் பக்கத்தில் ஒரு பவுடர் டப்பாவையும் அடையாளமாக வைத்தார். மனிதர் தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா, இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

ஆளுக்கொரு ரப்பர் கொட்டை. பையன்கள் பையிலெல்லாம் அது நிறையக் கிடக்கும் என்பதால், கள்ள ஓட்டு விழாமலிருக்கச் சுண்ணாம்பு தொட்டுக் கொடுத்தார். முதல் ஆள் போட்டதுமே 'டங்' என்று சத்தம் வெளியே கேட்டுவிட்டது. உடனே நிறுத்தி, இரண்டு மங்கிலும் அடியில் பழந்துணி போட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அவ்வளவு நேர்மையாகத்தான் நடந்தது.

என் முறை வந்தது. திரைக்குப் பின்னால் போய் நின்றேன். பிரம்பையும் பார்த்தேன், பவுடர் டப்பாவையும் பார்த்தேன். குமரன் தலையை ஆட்டி ஆட்டி அழுதது ஞாபகம் வந்தது. இருந்தாலும் கை அம்மா பக்கம்தான் போயிற்று.

எல்லோரும் போட்டு முடித்ததும் கிராணி மேசையை வாசலுக்குக் கொண்டுவந்தார். பேபி அக்காவின் மங்கு நிறைந்து, சில கொட்டைகள் மேசையில் கிடந்தன. அம்மாவின் மங்கைக் கவிழ்த்தார். என் கொட்டை மட்டும் உருண்டு வந்தது.

அம்மா எழுந்து, பிரம்பை எடுத்துப் பேபி அக்காவிடம் நீட்டினாள். வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் மண்டோர் வந்தார். லயத்தின் கடைசி வீடு ஆயாவுக்குரியது, மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும், துரை உத்தரவு என்றார். வேலை போனால் வீடு போகும் என்பது தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றபோது ஒருத்திக்குக்கூட அது நினைவு வரவில்லை. எனக்கும் வரவில்லை. ஒரு ஆயாவை மாற்றுகிறோம் என்று நினைத்தோம். ஒரு விதவையை வீட்டைவிட்டு அனுப்பியிருந்தோம்.

செய்தி குழாயடிக்குப் போனது. அதற்குப் பிறகுதான் முருங்கைக்காயும் கருவாடும் வர ஆரம்பித்தன.

பிறகு நடந்தது

இப்போதெல்லாம் புக்கிட் செந்தோசாவில் என் மகள் வீட்டுக்குப் போனால், மருமகன் செய்தி பார்த்துக்கொண்டே சலித்துக்கொள்வார். "இந்த எலெக்சன் எல்லாம் வேஸ்ட் லா அத்தே. ஸ்டிரோங்கான ஆள் ஒருத்தர் கையில குடுத்துட்டாப் போதும், எல்லாம் சீக்கிரம் நடக்கும்."

"சீக்கிரந்தான் நடக்கும் மாப்பிள்ளை. எது நடக்கணும்னு ஒங்களக் கேக்க மாட்டாங்க" என்பேன். அதற்கு மேல் பேசினால் அம்மா கதையைச் சொல்ல வேண்டி வரும். எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன்.

பேபி அக்காவின் ஆட்சி எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். பிள்ளைகளுக்கு மிட்டாய். தொட்டில் சேலைகள் நாலு நாள் துவைக்காமல் கிடக்கும். என் மகள் தலையில் முதல் தடவையாகப் பேன் வந்தது. யார் என்ன சொன்னாலும் "சரிம்மா, செஞ்சிடலாம்" என்பார், செய்ய மாட்டார். ஆனால் ஒரு பிள்ளைக்கு உடம்பு சுட்டால் போதும், உடனே தாயைக் கூட்டிவரக் காட்டுக்கு ஆள் அனுப்பிவிடுவார். குமரனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டே வேலை செய்வார்.

இரண்டு மூன்று வருஷத்தில் பேனும் சிரங்கும் பொறுக்க முடியாமல் போய், மறுபடியும் ஓட்டு என்றார்கள். அந்தக் காலையில் கிராணி கொட்டைகளை நீட்டியபோது சரோஜா கையை நீட்டவில்லை.

"தோத்தவங்களுக்கு வேற வேலையும் வீடும் உண்டுன்னு துரை எல்லாரு முன்னாடியும் சொல்லட்டும். அப்புறமா போடறோம்."

அதிகம் பேசாத சரோஜா. ஒருத்தர் பின் ஒருத்தராக எல்லோரும் கையை மடக்கிக்கொண்டோம். துரை முகம் சிவந்துவிட்டது. கடைசியில் சொன்னார். எதிர்த்து நின்ற இன்னொருத்தியிடம் பேபி அக்கா தோற்றார். நாற்றுமேடையில் தண்ணீர் ஊற்றும் வேலைக்குப் போனார், வரிசையில் இன்னொரு வீடும் கிடைத்தது. அதன் பிறகு யாரும் யார் வீட்டுக்கும் போய், உங்களுக்குத்தான் போட்டேன் என்று சொல்லவில்லை.

பெரும்பான்மையும் தவறு செய்கிறது. ஆனால் இரண்டாம் தடவை அதைத் திருத்த எங்களுக்கு வழி இருந்தது. அம்மாவின் காலத்தில் அந்த வழி இல்லை. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஆனால் திருத்தியபோது என் அம்மா ராசாவில் சின்ன மாமா வீட்டுச் சமையலறைப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்கு வரச் சொன்னேன். மாமனார், மாமியார், கொழுந்தன் என்று இரண்டு அறைக்குள் எங்களையே அடைக்க முடியவில்லை. நான் கூப்பிட்ட விதத்திலேயே அவளுக்கு அது தெரிந்திருக்கும்.

கடைசியாக வந்தவள்

அந்தப் பிற்பகலுக்கு வருகிறேன். வெயில் சாய்ந்து, வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அம்மா குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அந்தக் கொட்ட நான் போட்டதும்மா."

"தெரியும். வேற எவ போடுவா?"

அம்மா அடுத்த குவளையை எடுத்துக் கழுவினாள்.

"எதுக்குப் போட்ட?"

"என்னம்மா கேக்குற? நீ எங்கம்மா."

"அம்மான்னு போட்ட. சரி. ஒம் மகள நாளைக்கும் என் கையில விடணும்னு போட்டியா?"

நான் துடைத்த குவளையையே திரும்பத் துடைத்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

"அத அந்தப் பக்கமே போட்டிருக்கலாம்ல நீ? மங்கு காலியாக் கெடந்திருந்தா ஒருத்தியும் இந்த வாசப்படி ஏறியிருக்க முடியாது. இப்பப் பாரு, ஒன் ஒத்தக் கொட்டயச் சொல்லிச் சொல்லியே அத்தன பேரும் நல்லவளாயிட்டாளுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்றவளுக்குச் செய்த ஒரே உபகாரம் என்று நினைத்திருந்தேன்.

அப்போதுதான் வாசலில் நிழல் தட்டியது. சரோஜா. இடுப்பில் குமரன். கையில் எதுவும் கொண்டுவரவில்லை. செருப்பைக் கழற்றவும் இல்லை, படி ஏறவும் இல்லை. அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"நான் ஒங்களுக்குப் போடல ஆயாம்மா" என்றாள் சரோஜா. "பேபிக்காவுக்குத்தான் போட்டேன். வீடு போவும்னு அப்ப நெனக்கல. நெனச்சிருந்தா தொரகிட்ட அதப் பத்திக் கேட்டிருப்பேன். ஆனா ஓட்ட மாத்தியிருக்க மாட்டேன். அதச் சொல்லிட்டுப் போவலாம்னுதான் வந்தேன்."

அம்மா கோபப்படுவாள் என்று பயந்து நான் பின்னால் போய் நின்றேன். அம்மா கோபப்படவில்லை. குமரனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொமரா" என்று கூப்பிட்டாள்.

பிள்ளை வரிசைக் கோடியில் மேய்கிற கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பவில்லை.

"கொமரா, டேய்."

சரோஜா பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். அம்மா மூன்றாவது தடவை கூப்பிட்டாள். உடனே திரும்பிச் சிரித்தது.

பிறகு என் அம்மா, யாரையும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத அஞ்சலை ஆயா, மிகச் சின்னக் குரலில் கேட்டாள்.

"எந்தக் காதுடி?"

"எடது" என்றாள் சரோஜா. சொல்லிவிட்டு அங்கே நிற்காமல் போய்விட்டாள்.

அந்தப் பிள்ளையைத் தினமும் குளிப்பாட்டித் தலை துவட்டியவள் என் அம்மா.